அத்தானுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள்

அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் நான் செய்த பிழை. அவரிடம் குறை ஒன்றுமில்லை. நல்ல மனிதர், எடை 100 கிலோ. எனக்கு 78. எங்கள் முதுகுக்குப் பின்னால் அக்காவின் இரண்டு பிள்ளைகள். மகள் 45 கிலோ, மகன் 28. இந்த நான்கு எண்களையும் ஏறுவதற்கு முன்பே கூட்டிப் பார்த்திருந்தால், அன்று நண்பகல் முழுவதும் ஒரு பெஞ்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டேன்.

தீம் பார்க்கில் புதிதாகத் திறந்திருந்த சுழலும் ரோலர் கோஸ்டர் அது. ரோலர் கோஸ்டர் எனக்கு அந்நியமல்ல. கல்லூரி நாட்களிலிருந்து ஏறி வருகிறேன். தலைகீழாகக் கவிழ்ப்பது, பின்னோக்கி ஓடுவது, காலைத் தொங்கவிட்டுப் பறப்பது எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, "இவ்வளவுதானா?" என்று கேட்டவன். புதியதைத் தூரத்திலிருந்து பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. உயரம் அதிகமில்லை. வேகமும் பிரமாதமில்லை. பக்கத்தில் இருந்த பழைய இரும்பு ராட்சதனின் முன்னால் அது குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போல இருந்தது. 46 வயதில் ஒருவனுக்கு வரக்கூடாத கர்வம் இது.

மற்ற ரோலர் கோஸ்டரில் கண்ணுக்கு முன்னால் தண்டவாளம் தெரியும். அடுத்து இடப்பக்கம் வளைவு, அதன் பிறகு பள்ளம் என்று உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். இதில் அந்த வசதி கிடையாது. அடியில் சக்கரங்களோடு ஒரு சட்டம் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. அதன்மேல் ஒரு அச்சில் பொருத்திய பெட்டியில், இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்ந்த நான்கு இருக்கைகள். சட்டம் தண்டவாளம் சொன்னபடி போகும். பெட்டி தன் இஷ்டப்படி சுழலும். அடுத்த வளைவுக்கு எந்தப் பக்கம் முகம் காட்டிப் போகப்போகிறோம் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

வரிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயே ஏமாந்தோம். பழைய கோஸ்டருக்கு வரிசை வெளியே வழிந்து நின்றது. புதியதற்கு உத்தேசமாக 250 பேர்தான். "இங்கே போனால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார் அத்தான். எனக்கும் அப்படித்தான் பட்டது. நின்று கால் கடுத்த பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பழையதில் ஒரு ரயிலுக்கு 28 பேர். 90 வினாடிக்கு ஒரு ரயில் புறப்பட்டது. மணிக்கு 1,120 பேர். புதியதில் ஒரு பெட்டிக்கு 4 பேர். 35 வினாடிக்கு ஒரு பெட்டி. மணிக்கு 411 பேரைத் தாண்டாது. அதுவும் நான்கு இருக்கையும் நிரம்பினால்தான். மூவராக வருபவர்கள் ஒரு இருக்கையைக் காலியாக விட்டுப் போவார்கள், யாராவது கம்பி பூட்டிய பிறகு கைப்பை நினைவு வந்து அலறுவார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வரிசையின் நீளத்தை நம்பாமல், ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை வினாடிக்கு ஒரு தடவை என்று இரண்டே நிமிடம் நின்று எண்ணிவிட்டு வரிசையில் சேருங்கள். சிறிய பெட்டிகள் ஓடும் கோஸ்டர் என்றால் காலையில் வாசல் திறந்ததும் முதல் வேலையாக அங்கே போய்விடுவது உத்தமம்.

இப்படிப்பட்ட புதிய எந்திரங்கள் திறந்த முதல் சில வாரங்களில் அடிக்கடி நிற்கும். அன்றும் காலையில் நின்றிருந்தது. பலர் முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். சற்று நேரத்தில் ஆளில்லாத பெட்டிகள் ஓட ஆரம்பித்தன. காலிப் பெட்டி ஓடினால் சோதனை நடக்கிறது, திறப்பு பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். அப்போது போய் நின்றால் இடம் கிடைக்கும். காலிப் பெட்டிகளை என் மருமகள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஆள் இல்லாவிட்டால் அது சுற்றவே மாட்டேன் என்கிறதே?" என்றாள். பதினான்கு வயதுப் பெண் கேட்ட அந்தக் கேள்வியில் அன்றைய பாடம் முழுவதும் இருந்தது. நான் "இன்னும் எந்திரம் சூடாகவில்லை" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அதிலும் பாதி உண்மை உண்டு. சக்கர அச்சுகளில் உள்ள கிரீஸ் குளிர்ச்சியில் இறுகியும் வெயிலில் இளகியும் இருப்பதால், பொதுவாக எந்தக் கோஸ்டரும் காலையைவிடப் பிற்பகலில் சற்று வேகமாக ஓடும். ஆனால் அவள் கேட்டதற்கு விடை அதுவல்ல.

ஒரு வட்டத் தட்டை நடுவில் ஆணி அடித்துப் பலகையில் பொருத்துங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு எடைக்கல்லை ஒட்டுங்கள். பலகையைச் சாய்த்தால் கல் கீழ்ப்பக்கம் வருவதற்காகத் தட்டு சுழலும். பலகையை வேகமாக ஒரு வளைவில் இழுத்தால் கல் வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், அப்போதும் தட்டு சுழலும். கல்லை நடுவில் வைத்துவிட்டால் எப்படி இழுத்தாலும் தட்டு அநேகமாகச் சும்மா இருக்கும். சுழலும் கோஸ்டரின் இரகசியம் இவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் பெட்டியைச் சுழற்ற மோட்டார் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எடை அச்சிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அதுதான் சுழற்றும் கை. காலிப் பெட்டிக்கு ஒரு பக்கச் சாய்வு இல்லை. அதனால் அது சோம்பலாகத் திரும்பியது. எங்கள் பெட்டியில் ஒரு பக்கம் 178 கிலோ, மறுபக்கம் 73.

இதெல்லாம் அப்போது என் புத்தியில் இல்லை. ஏறும் மேடையில் ஊழியர் நான்கு விரலைக் காட்டினார், பிள்ளைகள் ஓடிப்போய் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், மிச்சமிருந்த பக்கத்தில் அத்தானும் நானும். அதற்கு முன் உயரம் அளந்தார்கள். ஒன்பது வயது மருமகன் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே இருந்து தப்பித்தான். குதிகாலை உயர்த்தப் பார்த்தவனைத் தோளில் மெல்லத் தட்டி இறக்கிவிட்டு மறுபடி அளந்தார் ஊழியர். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. உயரக் கட்டுப்பாடு குழந்தையின் தைரியத்தை அளப்பதற்கல்ல. மடிமேல் இறங்கும் கம்பி அந்த உடம்பைப் பிடித்து நிறுத்துமா என்பதற்கு. வீட்டிலேயே காலணி இல்லாமல் அளந்து வைத்துக்கொண்டு, எந்தெந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்று முன்கூட்டிப் பார்த்துவிட்டால், அளவுகோலுக்கு முன்னால் ஒரு குழந்தை அழுவதைத் தவிர்க்கலாம்.

அக்கா எங்களோடு ஏறவில்லை. எங்கள் பைகளோடு வெளியே நின்றாள். அவளுக்குப் படுக்கையில் புரண்டாலே அறை சுற்றும் உபாதை உண்டு. உட்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியத் துகள்கள் தம் இடத்திலிருந்து பெயர்ந்து, சுழற்சியை உணரும் வளைகுழாய்க்குள் விழுந்துவிட்டால் வருவது. அப்படிப்பட்டவர்களும், கழுத்து, முதுகு, இதயத் தொல்லை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இதில் ஏறக்கூடாது. பலகையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறோம், அந்தப் பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கிறோம்.

அக்கா என் சட்டைப் பையைப் பார்த்து, "அந்தக் கண்ணாடியையும் கொடுத்துவிட்டுப் போயேன்" என்றாள். பைக்குள் மடித்து வைத்திருந்த வாசிப்புக் கண்ணாடி. "பை ஆழமானது அக்கா, விழாது" என்றேன். நேராக ஓடும் கோஸ்டரில் பைக்குள் இருக்கும் பொருள் மேலே எழும்பப் பார்க்கும், அவ்வளவுதான். சுழலும் பெட்டியில் நாம் அச்சுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறோம். பொருள் எல்லாம் நெஞ்சை விட்டு வெளிப்பக்கம் பறக்கப் பார்க்கும். சட்டைப் பை என்பது வெளிப்பக்கம் வாய் திறந்து காத்திருக்கும் ஒரு சாதனம். பேனா, செல்பேசி, சாவி எதையும் அதில் வைக்காதீர்கள். கால்சட்டைப் பையும் ஜிப் இல்லாவிட்டால் நம்பத் தக்கதல்ல. பார்வைக்கே கண்ணாடி தேவைப்படுகிறவர்கள் தலைக்குப் பின்னால் கட்டும் பட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் பட்டை இருந்தாலும் அனுமதிக்க மாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி புறப்பட்டு, சங்கிலியில் மாட்டி, கடகடவென்று ஏற ஆரம்பித்தது. ஏறும்போது பெட்டி சுழலாமல் பூட்டியிருக்கும். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. கீழே பார்த்தால் மனிதர்கள் எறும்பாகத் தெரியும் உயரம். முதுகுக்குப் பின்னாலிருந்து மருமகன், "மாமா, உடைந்துவிட்டதா?" என்று கேட்டான். குரல் நடுங்கியது. அத்தான் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு எதுவும் பேசாமல் இருந்தார். நல்லவேளையாக இது எனக்குத் தெரிந்த விஷயம். தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் இருக்கலாம். முன்னால் போன பெட்டி அடுத்த பகுதியைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வருவதைக் கட்டுப்பாட்டுக் கணினி நிறுத்திவிடும். கீழே மேடையில் யாரோ இறங்கத் தாமதித்திருப்பார்கள், அதனால் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கியிருக்கும். ஏறும்போது கேட்கும் அந்தக் கடகட சத்தமும் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம்தான். இதையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் நின்றதுதான் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தமா?" என்றாள் மருமகள். ஆமாம் என்றேன். நான்கு நிமிடத்தில் மறுபடி நகர்ந்தது. இப்படி நிற்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்பியைத் தளர்த்தப் பார்க்காமல், எழப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பது. இறக்க வேண்டிய அவசியம் வந்தால் பக்கவாட்டுப் படிகளில் ஊழியர்களே வருவார்கள்.

உச்சியில் பூட்டு திறக்கும் சத்தம் ஒரு சின்னச் சொடுக்கு. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. முதல் வளைவில் அத்தானும் நானுமாக வெளிப்பக்கம் தள்ளப்பட்டோம். உலகம் ஒரு பாதி திரும்பியது. அடுத்த வளைவு எதிர்ப்பக்கம். நாங்கள் இன்னொரு பக்கம் வீசப்பட்டோம், ஆனால் முந்தைய சுழற்சி நிற்கவில்லை, அதன்மேல் இதுவும் ஏறிக்கொண்டது. பிறகு பள்ளம். அதில் எடை கூடிய எங்கள் பக்கம் கீழே வரத் துடித்தது. வானம், மரம், தண்டவாளம், வானம், மரம். வயிறு ஒரு வளைவு பின்தங்கி வந்தது. பின்னாலிருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். அவர்கள் பயந்திருக்கிறார்களோ என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். சுழன்றுகொண்டிருக்கும்போது தலையைத் திருப்பினாலோ சாய்த்தாலோ, ஒரு திசைச் சுழற்சியை உணர்ந்துகொண்டிருக்கும் உட்காதுக் குழாய்கள் திடீரென்று வேறு தளத்துக்கு மாறுகின்றன. உடம்பு குட்டிக்கரணம் அடிப்பது போன்ற பொய்ச் செய்தி மூளைக்குப் போகிறது. குமட்டலை வரவழைக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லை. இறங்கும் மேடைக்கு முன்னால் ஏதோ ஒன்று பெட்டியைப் பிடித்து நேராகத் திருப்பிப் பூட்டியது. உலகம் நிற்கவில்லை.

கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் விழுந்து கண்ணை மூடினேன். மூடியதும் சுழற்சி இரட்டிப்பானது. அக்கா என் தோளை உலுக்கினாள். "கண்ணை மூடாதே. அதோ அந்தக் கம்பத்தைப் பார். அதையே பார்." சுற்றும் அறையோடு பல வருடங்கள் பழகியவள். பார்த்தேன். கம்பம் ஒரு பக்கமாக நழுவி நழுவிப் போய்க்கொண்டிருந்தது. விடாமல் பார்த்தபோது நழுவல் மெல்ல மெல்லக் குறைந்தது.

காரணம் எளிமையானது. உட்காதில் மூன்று வளைகுழாய்கள், அவற்றில் திரவம். தலை சுழல ஆரம்பிக்கும்போது திரவம் பின்தங்கும், உள்ளே உள்ள மெல்லிய திரையை அது வளைக்கும், மூளை "சுழல்கிறோம்" என்று அறியும். ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் சுமார் 20 வினாடியில் அந்த உணர்வு மங்கிவிடும். நிறுத்தியதும் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடித் திரையை எதிர்ப்பக்கம் வளைக்கும். அதனால்தான் நின்ற பிறகு எதிர்த் திசையில் சுற்றுவது போல் இருக்கிறது. கண்களும் அதை நம்பி அங்குமிங்கும் துடிக்கின்றன. அசையாத ஒரு பொருளை உற்றுப் பார்த்தால் அந்தத் துடிப்பு அடங்கும். இந்தக் கோஸ்டரோ ஒரே திசையில் சுழல்வதும் இல்லை; மூன்று வினாடிக்கு ஒருமுறை மனம் மாறுகிறது. காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது, இருவருக்கும் நடுவில் வயிறு அகப்பட்டுக்கொள்கிறது.

பயணக் குமட்டல் 2 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம்தான் அதிகம் என்பார்கள். எங்கள் ஒன்பது வயதுக்காரன் அதைப் படித்ததில்லை போலும், பெஞ்சைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள் உண்டே என்று கேட்கலாம். அவற்றை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கியிருக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு பயன் குறைவு. தூக்கமும் வரும், வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியவருக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். நான் இரண்டாவதைச் செய்திருந்தேன்.

சற்றுத் தெளிந்ததும் சட்டைப் பையைத் தொட்டேன். காலி. மேடைக்குப் போய்ச் சொன்னேன். ஊழியப் பெண் சலிக்காமல் விவரம் எழுதிக்கொண்டாள். எந்திரம் ஓடும்போது தண்டவாள வேலிக்குள் யாரும் போகக்கூடாது, இரவு மூடிய பிறகுதான் தேடுவோம் என்றாள். நியாயம். என் கண்ணாடிக்காக 400 பேரை ஒரு மணி நேரம் நிறுத்த முடியாது.

கண்ணாடி இல்லாததால் செல்பேசியில் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலத் தெரிந்தது. மருமகள்தான் படித்துக் காட்டினாள். தன்னைச் சிரிக்க வைத்ததும் மாமாவைச் சாய்த்ததுமான எந்திரத்தின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். இது புதுமை என்று நான் நினைத்திருந்தேன். 1908-லேயே நியூயார்க்கின் கோனி தீவில், லூனா பார்க்கில், ஹென்றி ரீல் என்பவர் 'வர்ஜீனியா ரீல்' என்ற பெயரில் ஒன்றைத் திறந்திருக்கிறார். வட்டமான தொட்டிக்குள் ஆட்கள் சுற்றி உட்கார, தொட்டி சுழன்றுகொண்டே வளைந்து வளைந்து இறங்குமாம். இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரைப் பூங்காவில் 1922-இல் வைத்தது 1982 வரை ஓடியிருக்கிறது. அறுபது வருடம். அந்தக் காலத்துப் பாட்டிகளும் இப்படித்தான் பெஞ்சில் கிடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது மனம் லேசாகியது.

"இதைக் கேளுங்கள் மாமா" என்று அடுத்ததைப் படித்தாள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2018-இல் திறந்த 'டைம் டிராவலர்' சுழன்றுகொண்டே மூன்று முறை தலைகீழாகவும் போகிறது. உயரம் 30 மீட்டர், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பெல்ஜியத்தின் பிளாப்சாலாந்தில் 2021-இல் வந்த 'ரைடு டு ஹேப்பினஸ்' ஐந்து முறை தலைகீழாகிறது. உயரம் 33 மீட்டர், வேகம் 90. எனக்கு மறுபடி வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அவற்றில் பெட்டியின் சுழற்சியைக் காந்தம் கட்டுப்படுத்துகிறதாம். காந்தத்தின் அருகே உலோகத் தகடு நகர்ந்தால் தகட்டில் மின்னோட்டம் எழுந்து நகர்வை எதிர்க்கும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். ஆகவே மெல்லச் சுழன்றால் விட்டுவிடும், வெறிபிடித்துச் சுழலப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். ஃபுளோரிடாவில் 2022-இல் வந்த 'காஸ்மிக் ரீவைண்ட்' இன்னும் ஒரு படி மேலே. அங்கே பெட்டி எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை எந்திரமே தீர்மானித்துத் திருப்புகிறது. ஏறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கட்டுப்படுத்திய சுழற்சி என்றால் யார் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டுப்பாடற்றது என்றால் எல்லாமே உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது.

இதை அவள் சொன்னபோதுதான் காலையில் கேட்ட கேள்விக்கு அவளே விடை கண்டுபிடித்துவிட்டாள் என்று புரிந்தது. அத்தானின் எடையை அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். "98" என்றார். அக்கா அவரைப் பார்த்தாள். "சரி, 100" என்றார்.

பிற்பகலில் இரண்டாவது தடவை. நான் வர மாட்டேன் என்றேன். "மாமா இல்லாவிட்டால் கணக்கு சரிவராது" என்று இழுத்துப் போனாள். ஒரு பக்கம் அத்தானும் மருமகனும், மொத்தம் 128. மறுபக்கம் நானும் அவளும், 123. அதோடு நானும் அத்தானும் குறுக்கு மூலைகளில். ஊழியரிடம் முன்னதாகச் சொன்னோம், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தலையை இருக்கையின் பின்பலகையோடு ஒட்ட வைத்துக்கொண்டேன். மெல்லத் திரும்பும்போது தூரத்துக் கட்டடத்தையும், வேகம் கூடினால் மடிக்கு முன்னால் இருக்கும் கம்பியையும் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். கம்பியைப் பார்க்க வேண்டிய அவசியமே அதிகம் வரவில்லை. பெட்டி மந்தமாகத் திரும்பிற்று. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருந்தது. முதல் பள்ளத்துக்கு முன் பாதி திரும்பி அப்படியே நின்றுகொண்டது. நானும் மருமகளும் முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தோம். சுழன்றுகொண்டே போனால் எந்தப் பயமும் ஒரு கணத்துக்கு மேல் முகத்துக்கு முன் நிற்காது. பின்னோக்கி, எதுவும் தெரியாமல் விழுவது வேறு ஜாதிப் பயம். குமட்டல் இல்லை, ஆனால் நான் கத்தியது வெளியே பை காத்த அக்காவுக்குக் கேட்டதாம்.

மருமகனுக்கோ பெருத்த ஏமாற்றம். "இது சுற்றவே இல்லை!"

அவனுக்காக மூன்றாவது தடவை. அத்தானும் மருமகளும் ஒரு பக்கம், 145. நானும் அவனும் மறுபக்கம், 106. இதுதான் எங்கள் குடும்பத்துக்குப் பொருந்திய அளவு. வளைவுக்கு ஒரு சுற்று, சில இடங்களில் ஒன்றரை. சிரிக்கவும் முடிந்தது, சுற்றிலும் பார்க்கவும் முடிந்தது. பக்கத்தில் மருமகன் கையை உயர்த்திக்கொண்டிருந்தான். நான் உயர்த்தவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டிருந்ததும் உதவியிருக்க வேண்டும். காது தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கேட்கிறது. அடுத்தடுத்து ஏறினால் முதல் தடவையின் பாக்கியும் இரண்டாவதில் சேரும்.

உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். முறை ஒன்றுதான். நிறையச் சுழல வேண்டும் என்றால் கனமானவர்களை ஒரே பக்கம் சேருங்கள், வேண்டாம் என்றால் குறுக்காகப் பிரியுங்கள். ஆனால் கம்பி பூட்டும் நேரத்தில் ஊழியர் வேறு மாதிரி உட்காரச் சொன்னால் வாதாடாதீர்கள். சில எந்திரங்களுக்கு எடை பகிர்வில் விதிகள் உண்டு, சிறுவர்கள் பெரியவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பதும் உண்டு. தனியாக வந்தால் தனி நபர் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். காலி இருக்கையை நிரப்ப அழைப்பார்கள், காத்திருப்பு மிகவும் குறையும். அதற்கு விலையாக யார் பக்கத்தில், எத்தனை கிலோ பக்கத்தில் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும்.

இரவு பூங்கா மூடிய பிறகு, தொலைந்த பொருள் அறையில் காத்திருந்தோம். அரை மணி நேரத்தில் ஒரு ஊழியர் ஆழமான தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அன்று ஒரு நாளில் மட்டும் அந்தக் கோஸ்டரின் வலையிலும் புல்லிலும் பொறுக்கியவை. தொப்பிகள், ஒற்றைச் செருப்பு, முடி கவ்விகள், கண்ணாடிகள் ஒன்பதோ பத்தோ.

"உங்களுடையது எது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார்.

குனிந்தேன். எல்லாம் கறுப்பாக, எல்லாம் மங்கலாக, எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அத்தான் என் முதுகில் தட்டி, "மாப்பிள்ளை, முதலில் ஏதாவது ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு தேடும்" என்றார்.